புல்லட் விசாரம்

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் செல்கிறவர்கள் ஆண்டாளைத் தரிசிக்கப் போவார்கள். அல்லது பால்கோவா வாங்கப் போவார்கள். சென்ற ஒரு மாத காலத்தில் நாம் ஆறு தடவை போய் வந்தோம். ஆறு தடவையும் ஒரு மாட்டுக் கொட்டகையைத் தரிசித்துவிட்டுத் திரும்பினோம். கொட்டகையில் மாடு கிடையாது. சாக்குப் படுதாவுக்கு அடியில் 1985-ம் வருஷத்து என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள் ஒன்று, சக்கரங்களில் காற்றில்லாமல், ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது.

அதன் சொந்தக்காரர் நம்மைப் போல் ஓர் உபாத்தியாயர். அவர் காலமாகி ஆறு வருஷமாகிறது. அவருடைய மனைவியார், "பழைய இரும்புக்காரன் 8,000 ரூபாய் தருகிறேன் என்கிறான். நீங்கள் 15,000 கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள், தம்பி. உங்கள் கையில் இருந்தால் ஓடவாவது ஓடும்" என்றார்.

"வெள்ளைக்காரன் பெயர் வைத்த வண்டி மேல் இவ்வளவு மோகமா?" என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். இங்கிலாந்தில் ரெட்டிச் என்னும் ஊரில் பிறந்த வண்டிதான், மறுக்கவில்லை. 1955-ல் ரெட்டிச் கம்பெனியாரும் மெட்ராஸ் மோட்டார்ஸ் கம்பெனியாரும் கூடி, சென்னையில் என்பீல்டு இந்தியா என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தினார்கள். ஆரம்பத்தில் பாகங்கள் கப்பலில் வந்தன. இங்கே பூட்டி முடுக்கினார்கள். பிறகு பாகங்களும் திருவொற்றியூரிலேயே தயாராயின. 1970-ல் இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியின் கதை முடிந்துவிட்டது. ஆனால், 1977-ல் திருவொற்றியூர்ப் புல்லட் அதே இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிற்று! வெள்ளைக்காரன் நமக்குத் துணி விற்ற கதையைப் பள்ளிக்கூடத்தில் வருஷந்தோறும் சொல்லித் தருகிறோம். அவன் கைவிட்ட வண்டியை அவனுக்கே நாம் விற்ற கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம் என்பது நம் அபிப்பிராயம்.

சரித்திரம் இருக்கட்டும். வண்டி ஓடுமா?

ராஜபாளையத்தில் 1936-ல் ஸ்ரீ பி. ஏ. சி. ராமசாமி ராஜா அவர்கள் ராஜபாளையம் மில்லை ஸ்தாபித்தது முதல், இயந்திரங்களோடு பழகிய கைகளுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. அப்படிப்பட்ட கையுடைய மெக்கானிக் அண்ணாச்சி ஒருவரை நாலாவது பிரயாணத்தில் உடன் அழைத்துச் சென்றோம். அவர் என்ஜினைத் தொடவேயில்லை. முதலில் ஆர்.சி. புத்தகத்தை வாங்கி, சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் துணியால் துடைத்துத் துடைத்து ஒத்துப் பார்த்தார். "இது ஒத்துவராவிட்டால், சார், தங்கத்தில் செய்த வண்டியும் தகரந்தான்" என்றார். ஒத்துவந்தது.

அதன் பிறகு கிக்கரை மிதித்தார். அது அசையவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் டாங்கிக்குள் டார்ச்சு அடித்துப் பார்த்தால் செம்மண் காடு. "வார்ப்பிரும்பு சிலிண்டர், சார். கடைந்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டுவிடலாம். கிராங்கு எப்படி இருக்கிறது என்பதுதான் பிரித்துப் பார்த்தால் தெரியும்" என்றார். இந்தப் "பிரித்துப் பார்த்தால் தெரியும்" என்ற வாக்கியத்தில்தான் குடும்பஸ்தனின் கஷ்டமெல்லாம் அடங்கியிருக்கிறது. ரூ. 35,000 ஆகலாம், ரூ. 50,000-மும் ஆகலாம்.

ஆனாலும் அந்த இயந்திரத்தின் அமைப்பை அண்ணாச்சி விவரித்தபோது நமக்கு ஆசை அதிகமாயிற்றே தவிரக் குறையவில்லை. சிலிண்டரின் குறுக்களவு 70 மில்லிமீட்டர். பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமோ 90 மில்லிமீட்டர். குறுகலாகவும் நீளமாகவும் இருப்பதனால்தான் அந்த நிதானமான "டுப், டுப்". கியர் வலது காலில், பிரேக் இடது காலில். பொத்தானை அமுக்கினால் கிளம்பும் ஜாதியல்ல. அம்மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெள்ள அழுத்த வேண்டும். டீகம்ப்ரஷன் லீவரைப் பிடித்து, புகைபோக்கி வால்வைச் சற்றுத் திறந்து, பிஸ்டனை உச்சிக்கு அப்பால் நகர்த்த வேண்டும். லீவரை விட்டுவிட்டு அப்புறந்தான் உதைக்க வேண்டும். முறை தவறினால் கிக்கர் நம்மைத் திருப்பி உதைக்கும். மாணவர்களைவிட இதனிடம் மரியாதையாக நடந்துகொள்ள வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் மகாநாடு கூடிற்று. ஜூன் மாதம் பெண்ணுக்குக் காலேஜ் சம்பளம் கட்ட வேண்டும் என்பது முதல் ஆட்சேபம் என்று எதிர்பார்த்து, பதிலும் தயாரித்து வைத்திருந்தோம். நம் இல்லத்தரசி வேறொன்று கேட்டாள்: "என்னங்க, இப்போது இதற்கு வெளியிலே என்ன விலை கிடைக்கும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியுமா?"

தெரியாது. நமக்குத் தெரியும். புத்தகம் சரியாக இருந்தால் இந்த நிலையிலேயே ரூ. 40,000 கொடுத்து எடுத்துச் செல்ல ஆள் இருக்கிறது என்று அண்ணாச்சி திரும்பும் வழியில் சொல்லியிருந்தார். அவராகக் கேட்ட விலைதானே, அதை ஏன் நாம் ஏற்றிவிட வேண்டும் என்று இரண்டு நாள் தர்க்கம் செய்து பார்த்தோம். தர்க்கத்தில் நமக்கே ஜயம், தூக்கந்தான் வரவில்லை. காந்தி கலை மன்றத்துக்காகத் தம் சொந்த வீட்டையே கொடுத்துவிட்ட குமாரசாமி ராஜா பிறந்த ஊரில் இருந்துகொண்டு, ஒரு விதவையின் அறியாமையில் ரூ. 25,000 லாபம் பார்ப்பதா?

ஐந்தாவது தடவை சென்று விலையைச் சொன்னோம். அந்த அம்மாள் சிறிது நேரம் பேசவில்லை. "இரும்புக்காரன் எவ்வளவு கெட்டிக்காரன், பார்த்தீர்களா!" என்று மட்டும் சொன்னார். ரூ. 40,000-க்கு நமக்கே தருவதென்றும், இரண்டு தவணையாகக் கொடுக்கலாமென்றும் தீர்மானமாயிற்று. காலேஜ் சம்பளம் போக, ரிப்பேருக்குக் கையில் காசு மிஞ்சாது. ஆகையால் ரிப்பேர் அடுத்த வருஷம்.

அதற்குள் காகித வேலையே ஏராளம். இறந்தவர் பெயரிலுள்ள வண்டியை நேரே நம் பெயருக்கு மாற்ற முடியாது. 31-ம் நம்பர் பாரம் கொடுத்து முதலில் வாரிசின் பெயருக்கு மாற்ற வேண்டும். பிறகு 29, 30 பாரங்களால் நம் பெயருக்கு. பதிவு 15 வருஷம் செல்லும். அதன் பின் 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். இவ்வண்டிக்கோ 2020-லேயே காலாவதியாகிவிட்டது. 50 வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2021-ல் தனி விதி வந்திருக்கிறது. அவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டக் கூடாது. நம்முடைய வண்டி சுமார் 40 வயதுக் குழந்தை. அந்தப் பெருமையும் இல்லை, அந்தத் தடையும் இல்லை.

ஆறாவது தடவை அந்த அம்மாளிடம் 31-ம் நம்பர் பாரத்தில் கையெழுத்து வாங்கினோம். அண்ணாச்சி ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சிலிண்டருக்குள் அரைக் குவளை டீசலை ஊற்றி, பழந்துணியால் துவாரத்தை அடைத்துவிட்டு, "ஊறட்டும், சார்" என்றார்.