திசாவாவிக் கரையிற் கண்ட பவளப்பாம்பு

சென்ற விடுமுறையில் மாணவர் சிலருடன் அநுராதபுரம் சென்றிருந்தோம். திசாவாவியைக் கண்டு மகிழ்ந்தபின், அதன் அருகே மரநிழலொன்றில் இளைப்பாற எண்ணினோம். மாணவன் ஒருவன் அமர்வதற்கெனக் கல்லொன்றைப் புரட்டினான். அதன்கீழே, சருகுகளிடையே, தடித்த நூல்போன்ற ஓர் உயிர் கிடந்தது. மண்புழு என்று கருதிய அவன் கையை நீட்டினான்.

“தொடாதே, தம்பி!” என்று பதறி அவன் கையைப் பற்றினோம்.

அப்போது அவ்வுயிர் தன் வாலை உயர்த்திச் சுருட்டிற்று. வாலின் அடிப்புறம் இளநீலமாய்ப் பளிச்சிட்டது. வாலிலே இரு கருவளையங்கள். தலையும் கழுத்தும் கருமை. அவற்றில் மஞ்சட் புள்ளிகள். முதுகு மென்கபிலம், வயிறோ பவளச் செம்மை. ஐயமில்லை, அது பவளப்பாம்பே. வாலைக் காட்டிப் பகையின் கண்ணைத் தலையினின்றும் திருப்புவது அதன் தந்திரம்.

நாகத்தின் குடும்பத்தைச் சேர்ந்த இப்பாம்புக்கு விலங்கியலார் ஷா 1802இல் இட்ட பெயரின் பொருள் ‘கருவால்’ என்பதாகும். இலங்கையில் வாழ்வதைத் தனி உபவினமெனக் கலாநிதி தெரணியகல 1951இல் வகுத்தார். வறண்ட தாழ்நிலங்களில் கல்லின்கீழும், உக்கிய மரத்தின்கீழும், இளகிய மண்ணிலும் பகலில் ஒதுங்கியிருந்து, இரவில் இரைதேடும். புழுப்பாம்புகளே அதன் முதன்மையான உணவு.

எங்கள் வாகனச் சாரதி தடியுடன் ஓடிவந்தார். “அடிச்சுப்போடட்டோ, ஐயா?” என்றார். வேண்டாமெனத் தடுத்தோம். அதற்குள் பாம்பு சருகினுள் மறைந்தது.

“நஞ்சுள்ளதை ஏன் விட்டீர்கள், ஐயா?” என்றான் மாணவன்.

“அது உன்னைத் தேடி வரவில்லை, நீயன்றோ அதன் வீட்டுக் கூரையைப் புரட்டினாய்!” என்றோம்.

ஆயினும் நமது நெஞ்சு அமைதியுறவில்லை. நம் மருத்துவமனைகளில் வழங்கும் இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சைக் கொண்டு ஆக்கப்படுவது. பவளப்பாம்பு அதிற் சேரவில்லை. சிறிய வாயினதாயினும் நஞ்சு நஞ்சே. பாம்பின் பற்களைக் கரும்பலகையிற் பன்முறை வரைந்து காட்டிய நாம், கல்லின்கீழ்க் கைவிடலாகாது என்பதை ஒருநாளும் சொல்லவில்லையே!

திரும்பும் வழியில் மீண்டும் ஓரிடத்தில் இளைப்பாறினோம். அம்மாணவன் ஒரு கோலெடுத்துச் சருகை மெல்ல விலக்கிப் பார்த்த பின்னரே அமர்ந்தான். மற்றையோரும் அவ்வாறே செய்தனர், நாமும் செய்தோம்.