பழைய சைக்கிளும் பசுமைத் தலைநகரமும்

நாம் வாழும் ஒஸ்லோ மாநகரம் 2019 ஆம் ஆண்டுக்கான ஐரோப்பியப் பசுமைத் தலைநகரம் என்ற பட்டத்தைப் பெற்றது. அந்தக் காலப்பகுதியில் நகர மத்தியில் 700 வரையான கார்த் தரிப்பிடங்கள் அகற்றப்பட்டன. சிவப்புத் தார் போட்ட சைக்கிள் பாதைகள் வந்தன. அந்த ஆண்டு முழுவதிலும் ஒஸ்லோ வீதிகளில் நடந்து சென்றவர்களிலோ சைக்கிளில் சென்றவர்களிலோ ஒருவர்கூட விபத்தில் இறக்கவில்லை. இது சிறிய விடயமல்ல.

இந்தப் பெருமையில் எம்மவரின் பங்கு என்ன என்று யோசித்துப் பார்க்கிறேன். சனிக்கிழமைகளில் பிள்ளைகளைத் தமிழ் படிக்கக் கொண்டுவந்து விடும்போது வாசலில் நிற்கும் கார் வரிசையைப் பாருங்கள். நடந்தால் பத்து நிமிடத்தில் வரக்கூடியவர்களும் காரில்தான் வருகிறோம். ஊரில் கார் வைத்திருந்தவன் பெரிய ஆள், சைக்கிளில் போனவன் சாதாரண ஆள். அந்தக் கணக்கை இங்கேயும் சுமந்துகொண்டு வந்துவிட்டோம். ஆனால் இங்கே இரண்டு காரும் மலையில் ஒரு குடிலும் வைத்திருக்கும் நோர்வேக்காரன் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு சைக்கிளில் வேலைக்குப் போகிறான்.

நான் ஓ.எல். பரீட்சையோடு படிப்பை விட்டவன். குறூருடாலன் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் முறை வேலை செய்கிறேன். அதிகாலை வேலைக்குச் சைக்கிள்தான் எனக்கு வசதி. ஆகவே பெரிய விஞ்ஞானம் எழுத நான் வரவில்லை. சைக்கிளைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஒருவனின் சில கருத்துக்களாக இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

சைக்கிள் ஓடும்போது புகை விடுவதில்லை. ஆனால் அதைச் செய்யும்போது செலவு உண்டு. இன்றைய சைக்கிள்களில் பெரும்பாலானவற்றின் சட்டம் அலுமினியம். மண்ணில் இருந்து எடுத்த தாதுவில் ஒரு கிலோ அலுமினியம் உருக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் வேண்டும். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் 1000 வாற்ஸ் ஹீற்றர் ஒன்றைப் பதினான்கு மணித்தியாலம் எரிப்பதற்குச் சமம் அது. பழைய அலுமினியத்தைத் திரும்ப உருக்கினால் அதில் 5 வீதம் அளவு சக்தியே போதும். காபன் நாரில் செய்த விலை உயர்ந்த சட்டத்தை அப்படித் திரும்ப உருக்கவும் முடியாது. எனவே ஒரு சைக்கிள் சுற்றாடலுக்கு நல்லதா கெட்டதா என்பதை அது எத்தனை வருடம் ஓடுகிறது என்பதை வைத்துத்தான் சொல்ல வேண்டும். இருபது வருடம் ஓடுகிற சைக்கிள் தன் கடனை அடைத்துவிடும். மூன்று வருடத்தில் குப்பைக்குப் போகிற சைக்கிள் எப்படி அடைக்கும்?

இளவேனில் வந்ததும் எங்கள் அடுக்குமாடிகளில் டுக்னாட் நடக்கும். எல்லோரும் சேர்ந்து வளவைத் துப்புரவாக்கும் அந்த நாளில் ஒரு பெரிய கொள்கலன் கொண்டுவந்து வைப்பார்கள். நிலக்கீழ் அறையில் உரிமை கோராமல் கிடந்த சைக்கிள்கள் அதற்குள் போகும். எங்கள் கட்டிடத்தில் நான் எட்டிப் பார்த்தவற்றில் பாதிக்கு மேல் காற்றுப் போனவையும் செயின் துருப்பிடித்தவையும்தான். ஊரில் என்றால் ஒரு பின்னேர வேலை.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1990 ஜூன் மாதம் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றறி இல்லை. அந்த ஆண்டுகளில் யாழ்ப்பாணத்தைத் தாங்கியது சைக்கிள்தான். நோயாளியும் அதில்தான், விறகும் அதில்தான், கல்யாணப் பெண்ணும் அதில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பீபீசி தமிழோசை கேட்டார்கள். நான் அப்போது சிறுபிள்ளை. 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்த இரவில் எனக்கு ஏழு வயது. அப்பாவின் சைக்கிள் பாரில் நான், கரியரில் அரிசி மூட்டை, ஹான்டிலில் பாத்திரங்கள். அப்பா ஏறி ஓடவில்லை, உருட்டிக்கொண்டுதான் வந்தார். ஏறி ஓட வீதியில் இடமே இருக்கவில்லை.

அந்தச் சைக்கிள் அதற்கு முன் அப்பப்பாவுடையது. அது எப்படி அவ்வளவு காலம் ஓடியது? உரலி, ஹேர்குலிஸ், லுமாலா என்று பெயர் எதுவாக இருந்தாலும் பெரிய சைக்கிள் என்றால் ரயர் 28 அங்குலம், முன்சில்லுக்கு 32 கம்பி, பின்சில்லுக்கு 40 கம்பி. ஒன்றின் சாமானை மற்றதற்குப் பெரும்பாலும் போடலாம். சந்திக்குச் சந்தி ஒரு சைக்கிள் கடை. ரியூப்பில் ஒட்டுக்கு மேல் ஒட்டு. இனி ஒட்ட முடியாது என்றால் அதே ரியூப் கரியரில் கட்டுகிற ரப்பர் நாடாவாகும், வாளிக்குப் பிடியாகும். சுற்றாடல் என்ற சொல்லே தெரியாமல் சுற்றாடலைப் பாதுகாத்தவர்கள் எங்கள் ஆட்கள். வறுமையும் தடையும் அப்படிச் செய்ய வைத்தன என்பதும் உண்மை. அந்தத் துன்பம் திரும்ப வேண்டாம். ஆனால் அந்தக் கைப்பழக்கம் எங்களோடு அழிந்துபோகவும் வேண்டாம்.

இன்றைய சைக்கிள் உற்பத்தியின் பெரிய குறை இதுதான். ஒவ்வொரு கொம்பனிக்கும் ஒவ்வொரு அளவு, சில வருடங்களுக்கு ஒருமுறை புது மாதிரி. ஒருமுறை என் சைக்கிளின் பின்சில்லுக் குடத்துக்கு உட்பாகம் தேடிக் கடைக்குப் போனேன். அது இப்போது வருவதில்லை, முழுச் சில்லையும் மாற்றுங்கள் என்றார்கள். கூலியையும் சேர்த்துப் பார்த்தால் பழைய சைக்கிள் ஒன்றே வாங்கலாம். திருத்துவது நட்டம், எறிவது இலாபம் என்றால் மக்கள் எறியத்தானே செய்வார்கள்?

அரசுகள் நினைத்தால் இதை மாற்றலாம். அயல்நாடான சுவீடன் 2017 இல் சைக்கிள் திருத்தும் வேலைக்கான பெறுமதி சேர் வரியை 25 வீதத்தில் இருந்து 12 வீதமாகக் குறைத்தது. பிறகு 2023 இல் திரும்பவும் கூட்டிவிட்டார்கள் என்பது கவலைக்குரியது. ஜேர்மனியின் ஸ்வால்பே ரயர்க் கொம்பனி 2015 முதல் பழைய ரியூப்களைக் கடைகள் மூலம் சேகரித்துப் புது ரியூப்புக்குப் பாவிக்கிறது. மின் சைக்கிளின் பற்றறியைச் சுயாதீனமான திருத்துநர் ஒருவர் கழற்றி மாற்றக்கூடியதாகச் செய்ய வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டம் இயற்றியது. அந்த விதி 2027 பெப்ரவரியில் இருந்து என்று அதில் எழுதியிருக்கிறது.

மின் சைக்கிள் பற்றியும் ஒரு வார்த்தை. ஸ்தோவ்னர் ஏற்றத்தில் வேலை முடிந்து ஏறுகிறவர்களுக்கு அது பெரிய உதவி. நோர்வேயின் மின்சாரம் பெரும்பாலும் நீர்வீழ்ச்சியில் இருந்து வருவதால் சார்ஜ் செய்வதில் புகை இல்லை. ஆனால் பற்றறிக்குப் பாவிக்கும் கோபால்ற் உலகத்தில் பெரும்பகுதி கொங்கோவில் தோண்டப்படுகிறது. யுத்தத்தால் எங்களைப் போலவே இடம்பெயர்ந்த மக்களின் நாடு அது. ஆகவே அந்தப் பற்றறியைக் கவனமாகப் பாவிக்கும் பொறுப்பு எங்களுக்கு உண்டு. பனிக்காலத்தில் அதை வீட்டுக்குள் கொண்டுவாருங்கள். பூச்சியம் பாகைக்குக் கீழ் சார்ஜ் செய்யாதீர்கள். பல மாதம் ஓடாமல் வைப்பதென்றால் பாதி சார்ஜில் வையுங்கள். பழுதானால் குப்பைப் பையில் போடாதீர்கள். அப்படியான பொருள் விற்கும் கடையிலோ மாநகரசபையின் கழிவு நிலையத்திலோ காசில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள்.

சாதாரண சைக்கிளுக்கு ஒஸ்லோவில் பெரிய எதிரி வீதியில் போடும் உப்பு. வேலையால் வந்ததும் செயினைத் துணியால் துடையுங்கள். வாரம் ஒருமுறை சில துளி எண்ணெய் விட்டு, மேலதிக எண்ணெயையும் துடையுங்கள். மாதம் ஒருமுறை அங்குல அடிமட்டம் வைத்துப் பாருங்கள். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். 12 அங்குலத்துக்கு மேல் ஒரு அங்குலத்தின் 16 இல் ஒரு பங்கு கூடினால் செயினை மாற்ற வேண்டும். அதை விட்டுவிட்டால் பற்சில்லும் சேர்ந்து தேய்ந்து செலவு பல மடங்காகும். ஆணி ரயர் எனப்படும் பிக்டெக்கை வெயில் காலம் வந்ததும் கழற்றி இருட்டான இடத்தில் வைத்தால் பல பனிக்காலம் வரும்.

பிள்ளைகளுக்கு வருடத்துக்கு ஒரு சைக்கிள் வாங்கும் பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பூஆ என்ற இரவல் நிலையங்களில் விளையாட்டுப் பொருட்களை இலவசமாக இரவல் எடுக்கலாம். சைக்கிள் இருக்கிறதா என்று உங்கள் பகுதி நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். பழைய சைக்கிள் வாங்கினால் சட்டத்தில் பொறித்த இலக்கத்தையும் பற்றுச்சீட்டையும் பார்த்து வாங்குங்கள். களவெடுத்த சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வரக்கூடாது.

இனி என் வேண்டுகோள். வருடத்தில் ஒரு சனிக்கிழமை, மே 17 இற்கு முன், தமிழ் படிக்கும் இடத்தின் முற்றத்தில் ஒரு சைக்கிள் திருத்தும் நாள் வைப்போம். ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்த பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். இங்கே வந்து முப்பது வருடம் துப்புரவு வேலை செய்து ஓய்வு பெற்றுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு சில்லின் கோணலை எடுப்பார். அவருடைய பேரப்பிள்ளைகளுக்கு அது தெரியாது. அவரைப் போன்றவர்களை ஒரு கதிரை போட்டு இருத்தி, எங்கள் இளைஞர்களின் கையில் ஸ்பனரைக் கொடுப்போம். ஓடப் பழகாத பெண்களுக்கு அன்றே பழக்கியும் விடலாம். கொள்கலனுக்குப் போகும் சைக்கிள்களை அடுக்குமாடி நிர்வாகத்திடம் முறையாகக் கேட்டு எடுப்போம். திருத்தியவற்றைப் புதிதாக வந்திருக்கும் அகதிக் குடும்பங்களுக்குக் கொடுப்போம், அவர்கள் எந்த நாட்டவராக இருந்தாலும்.

குப்பை பொறுக்குகிறார்கள் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும். நாட்டைவிட்டு வெறுங்கையோடு வந்த எங்களுக்கு இன்னொருவர் கழித்துவிட்டதில் உயிர் இருப்பது தெரியும். முற்றம் கேட்டு நிர்வாகத்தோடு கதைக்க நான் தயார். ஒட்டும் சொலுசனும் ஒரு பம்பும் நான் கொண்டுவருகிறேன். மிச்சத்துக்கு நீங்கள் வாருங்கள்.