தம்மம்பட்டி: வாகனம் செய்யும் கைகள்

கொங்கின் கிழக்கு விளிம்பில், கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் நடுவே, சுவேத நதியை ஒட்டி இருக்கிறது தம்மம்பட்டி. சேலம் மாவட்டம், கெங்கவல்லி வட்டம், பேரூராட்சி. நிர்வாகக் கணக்கில் அவ்வளவுதான். ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது உளி. வாகையிலும் மாவிலங்கிலும் தசாவதாரம், யாளி, கண்ணன் என்று செதுக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. ஆனால் சுவரில் மாட்டும் பலகைச் சிற்பத்தை வைத்து இவர்களை எடைபோடுவது அநியாயம். இந்தக் கைகளின் முழுத் திறமையும் தெரிவது கோயில் வாகனத்தில்.

சிம்ம வாகனத்தின் முகத்தை எடுத்துக்கொள்வோம். தோளில் ஆடி ஆடி வரும் சிம்மத்தை இரவு வெளிச்சத்தில் ஊரே அண்ணாந்து பார்க்கும். கண் துருத்தி நிற்க வேண்டும். கடைவாயில் நிழல் விழும்படி ஆழமாகக் குடைய வேண்டும். பிடரிச் சுருள் பக்கவாட்டிலும் எடுப்பாகத் தெரிய வேண்டும். கொட்டாப்புளியில் ஒரு தட்டு கூடினால் உதடு பிளந்துவிடும். தென்னிலங்கையின் அம்பலாங்கொடையில், கனமில்லாத கதுரு மரத்தில் கோலம் ஆட்டத்துக்கும், பதினெட்டு நோய்ப் பேய்களை விரட்டும் சன்னிச் சடங்குக்கும் முகமூடி செய்கிறவர்களின் வேலையும் இதே இனம்தான்: ஆடும்போது உயிர் வர வேண்டிய முகம். அங்கும் சுற்றுலாப் பயணிகள் வாங்கிப் போகிறார்கள். ஆனாலும் சடங்கு முகமூடிதான் அளவுகோல் என்று காட்ட, 1987 முதல் அங்கே அரியபால முகமூடி அருங்காட்சியகம் இருக்கிறது.

‘வீட்டுச் சிற்பம்தானே சோறு போடுகிறது, வாகனம் எத்தனை பேர் கேட்பார்கள்?’ என்பது நியாயமான கேள்வி. ஆனால் கோவையின் புது வீடுகளுக்குப் போகும் பூஜையறைக் கதவையும் பலகையையும் இன்று சி.என்.சி. இயந்திரமே குடைந்து தள்ளுகிறது. விலையில் அதோடு மோத முடியாது. நாலு பக்கமும் பார்க்கும் வாகனத்தில்தான் கைக்கு இன்னும் மேல்கை. பக்கத்து அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நல்லது. குறியீடு பெயரைக் காக்கும், வேலை கொடுக்காது. கும்பாபிஷேகத்துக்குக் கோடிகளைக் கொட்டும் கோயில்கள், வாகனம் என்றதும் குறைந்த விலை சொன்னவரைத் தேடுவது என்ன நியாயம்? வாகனத்துக்குத் தனி விலையும், பழுதுபார்க்க ஆண்டுதோறும் நிதியும், கற்கும் பிள்ளைக்கு உதவித்தொகையும் வேண்டும். முதலில் கொங்கு நாட்டுக் கோயில்கள் தம்மம்பட்டிக்கு ஆர்டர் கொடுக்கட்டும்.