கழிமுகங்கள் வழியே – 7: அரியாங்குப்பத்து ஆறு

புதுச்சேரியிலிருந்து கடலூர்ச் சாலையில் சிறிது தூரம் போனதும் ஒரு பாலம் வரும். பேருந்திலிருந்து இறங்கி, கைப்பிடிச் சுவரருகே வெகுநேரம் நின்றேன். கீழே அசையாத பச்சைத் தண்ணீர், ஓரத்தில் அலையாத்திச் செடிகள், கட்டிக்கிடக்கும் படகுகள். செஞ்சிப் பக்கத்து மலைகளில் பிறக்கும் சங்கராபரணி, கடலை நெருங்கும்போது இரண்டாகப் பிரிகிறது. தெற்குக் கிளை சுண்ணாம்பாறு; வடக்கே பிரிந்து வீராம்பட்டினத்தருகே கடல் சேர்வது இந்த அரியாங்குப்பத்து ஆறு. பெயர்தான் ஆறு. மழைக்காலம் நீங்கலாகக் கடல்நீரே ஏறி இறங்கும் உப்பங்கழி இது.

சோழமண்டலக் கரையில் கடல் நேரே வந்து மோதும். மரக்கலம் ஒதுங்க இடமில்லை. மணல்திட்டுக்குப் பின்னால் இப்படியொரு கழி இருந்தால் அதுவே துறைமுகம். காக்காயன்தோப்பு வழியாக நடந்து, மாந்தோப்புக்குள் இருக்கும் பழந்துறைமுக மேடான அரிக்கமேட்டில் ஏறி நின்று தண்ணீரைப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்கு வந்து, மேகம் மறைத்ததால் காணாமலே போனவர் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தி. அது 1769. இந்தக் கரையில் ஊரார் பழஞ்செங்கல் பெயர்த்தெடுத்ததை அவர் எழுதிவைத்தார். 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டினார். இத்தாலியின் அரெஸ்ஸோ நகரத்துச் சிவப்பு மட்கலங்களும், மதுச்சாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. அவை கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்பது தெரிந்ததால், அதே மண்ணடுக்கில் கிடந்த நம் பானைகளுக்கும் வயது சொல்ல முடிந்தது. தென்னிந்தியத் தொல்லியலுக்குக் காலக்கணக்கு பிடிபட்டது இந்தச் சேற்றோரத்தில்தான்.

ஆனால் இதை ரோமானியர் ஊர் என்பதை நான் ஏற்கமாட்டேன். 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி செய்த அகழாய்வு, ரோமானிய வணிகம் வருமுன்பே இங்கே மக்கள் குடியிருந்ததைக் காட்டியது. உருக்கிய கண்ணாடியை மெல்லிய குழலாக இழுத்து, கடுகளவு துண்டாக்கி, மணி செய்தவர்கள் அவர்கள். மதுச்சாடிகளைவிட அந்த மணிகளே எனக்குப் பெரிது.

அந்தத் துறைமுகத்தை வாழவைத்த கழியே இன்று மேட்டின் கரையை அரிக்கிறது. மழை ஓய்ந்தபின் அங்கே போனால் மண்ணில் சிவப்போ நீலமோ மினுங்கக்கூடும். குனிந்து பாருங்கள், கையில் எடுக்காதீர்கள். கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்த்த மணி எந்தக் காலத்தையும் சொல்லாது.