மாடு மேயும் ஏவுகணைத் தளம்

இங்கிலாந்து போய் வந்தவனைப் பார்த்தால் எல்லோரும் கேட்கிற கேள்வி, "அரண்மனை பார்த்தியா?" பார்த்தேன், வெளியே நின்று. ஆனால் நான் உருப்படியாகப் பார்த்தது மாடு. சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

பெரியப்பா பையன் ரெடிங் நகரத்தில் இருக்கிறான். ஒரு சனிக்கிழமை அண்ணி திடீரென்று, "தம்பி, க்ரீன்ஹாம் காமன் போகலாமா? இங்கே வந்து பதினோரு வருஷமாச்சு, இன்னும் பார்க்கலை" என்றார். குழந்தைகளை அண்ணன் தலையில் கட்டிவிட்டுக் கிளம்பினோம். அவன் முகத்தைப் பார்க்கணுமே!

ரயிலில் அரை மணி நேரத்தில் நியூபரி. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் முள்செடியும் புதருமாகப் பரந்த வெளி. நடுவில் நாலைந்து மாடுகள். நம்ம கிராமத்துக் கணக்கில் சொன்னால் மேய்க்கால் புறம்போக்கு. காமன் என்றால் அதுதான்: சுற்றுவட்டாரத்தில் உரிமை உள்ளவர்கள் மாடு மேய்த்துக்கொள்ளலாம். இந்தப் புறம்போக்கில்தான் அமெரிக்க விமானப்படை குடியிருந்தது. மூன்று கிலோமீட்டருக்கு ரன்வே. 1983 நவம்பரில் அணுகுண்டு சுமக்கும் க்ரூஸ் ஏவுகணைகள் வர ஆரம்பித்தன, மொத்தம் 96. ஒவ்வொன்றும் ஹிரோஷிமாவில் போட்டதைப் போலப் பல மடங்கு.

ஏவுகணை வருவதற்கு முன்பே பெண்கள் வந்துவிட்டார்கள். 1981 ஆகஸ்ட் கடைசியில் வேல்ஸிலுள்ள கார்டிஃப்பிலிருந்து 36 பெண்கள் நடக்கத் தொடங்கினார்கள். கூடவே சில ஆண்கள், குழந்தைகள். செப்டம்பர் 5-ம் தேதி தளத்தின் வாசலில் வந்து நின்று, "இதைப் பற்றி டி.வி.யில் விவாதம் வையுங்கள்" என்று கேட்டார்கள். யாரும் சட்டை செய்யவில்லை. நாமாக இருந்தால் ஒரு மனு கொடுத்துவிட்டுப் பஸ் பிடித்திருப்போம். அவர்கள் அங்கேயே கூடாரம் போட்டுவிட்டார்கள். பத்தொன்பது வருஷம்! மழை, பனி, போலீஸ், அடிக்கடி கூடாரத்தைப் பிடுங்கிப்போடும் அதிகாரிகள்... அத்தனைக்கும் நடுவில்.

அண்ணிக்கு இந்த ஊர் தெரிந்ததே பக்கத்து வீட்டுப் பாட்டியம்மா மூலமாகத்தான். 1982-ல் அந்த அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்ததாம். "டிசம்பர் 12 வா, இதைப் பத்துப் பேருக்குப் பிரதி எடுத்து அனுப்பு" என்று. நம் ஊரில் சாமி பெயரால் வருமே, அனுப்பாவிட்டால் கண் போய்விடும் என்று, அதே முறை. சாபம் மட்டும் கிடையாது. அன்றைக்கு 30,000 பெண்கள் கூடிவிட்டார்கள். ஒன்பது மைல் கம்பிவேலியைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள். வேலி முழுக்கக் குழந்தைகளின் சட்டை, போட்டோ, கம்பளி நூலில் பின்னிய சிலந்தி வலை. பாட்டியம்மா தன் பெண்ணின் கவுனை மாட்டிவிட்டு வந்தாராம்.

"வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்லலையா?" என்றேன்.

"உங்க அண்ணன் மாதிரிதான், முழிச்சிருப்பார்" என்றார் அண்ணி.

1983 புத்தாண்டு விடியற்காலை 44 பெண்கள் ஏணி போட்டு வேலி தாண்டி, கட்டிக்கொண்டிருந்த ஏவுகணைக் கிடங்கின் மேல் ஏறி வட்டமாக நின்று நடனமாடினார்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம். கோர்ட்டில் என்ன குற்றச்சாட்டு தெரியுமா? அமைதிக்குப் பங்கம்! அணுகுண்டின் மேல் ஆடினால் அமைதி கெடுகிறதாம். 36 பேருக்கு இரண்டு வாரம் ஜெயில். ஏப்ரல் முதல் தேதி கரடி பொம்மை வேஷத்தில் உள்ளே புகுந்து பிக்னிக் நடத்தினார்கள். அந்த டிசம்பரில் கண்ணாடிகளோடு வந்து ராணுவத்தின் முகத்தை ராணுவத்துக்கே காட்டினார்கள்.

ஊர் முழுக்கக் கைதட்டியது என்று நினைக்காதீர்கள். நியூபரிக்காரர்கள் பலருக்கு இவர்களைக் கண்டாலே ஆகாது. பிள்ளைகளை விட்டுவிட்டு இங்கே என்ன வேலை என்று பத்திரிகைகள் கேட்டன. (ராணுவத்துக்குப் போகும் அப்பாக்களிடம் இதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.)

1987 டிசம்பரில் ரீகனும் கோர்பசேவும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஏவுகணை 1991 மார்ச்சில் போனது. நான் பி.காம்., வரவு எந்தக் கணக்கில் என்று பார்க்காமல் விடமாட்டேன். பெண்கள்தான் துரத்தினார்கள் என்று முழுசாக எழுத எனக்குக் கை வரவில்லை. இரண்டு வல்லரசுகளுக்கும் அவரவர் காரணங்கள் இருந்தன. ஆனால், ராத்திரியில் ஏவுகணை லாரி ரகசியமாக வெளியே கிளம்பும்போதெல்லாம் பின்னாலேயே போய் ஊரைக் கூட்டியவர்கள் இவர்கள். ரகசியம் என்ற சமாசாரத்தையே தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. தளத்துக்குள் நுழைந்தாலே குற்றம் என்று 1985-ல் விதி போட்டிருந்தார்கள். மாட்டிய இரண்டு பெண்கள் வழக்கை விடாமல் மேலே மேலே கொண்டுபோனார்கள். 1990-ல், அப்போது நாட்டின் கடைசிக் கோர்ட்டாகவும் இருந்த பிரபுக்கள் சபை, "மேய்ச்சல் உரிமையைப் பறிக்கும் இந்த விதி செல்லாது" என்றது. அணு ஆயுதத் தளத்தின் சட்டத்தை மாடு முட்டித் தள்ளிவிட்டது ஸார்!

2000-ல் புறம்போக்கு மறுபடி மக்களிடம் வந்தது. கண்ட்ரோல் டவரின் கீழே இப்போது காபிக் கடை. புல் மூடிய ஆறு கிடங்குகளும் அப்படியே நிற்கின்றன, பாதுகாக்கப்பட்ட சின்னமாக. நம்ம மாமல்லபுரம் மாதிரி!

கிடங்கைச் சுற்றி மட்டும் வேலி பாக்கி இருக்கிறது. அண்ணி அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்த ஒப்பந்தம் இப்ப இருக்கா தம்பி?"

"இல்லை அண்ணி. 2019-ல் அமெரிக்கா விலகிடுச்சு. முடிஞ்சுபோச்சு."

கொஞ்ச நேரம் பேசவில்லை. "பாட்டியம்மாவுக்கு எண்பத்து மூணு ஆகுது. இதை அவங்ககிட்ட சொல்லாதீங்க" என்றார். பிறகு அவரே, "அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?" என்றார்.

போன் அடித்தது. அண்ணன். மூன்றாவது தடவை.

"குக்கர் எத்தனை விசில்டா? அவகிட்ட கேளு!"

அண்ணி வேலியை விட்டுக் கையை எடுக்காமலே சொன்னார்: "டப்பா மேலே எழுதி ஒட்டியிருக்கேன், பார்த்துக்கச் சொல்லுங்க."