முதுகின் நியாயம்

வகுப்பறையிற் கரும்பலகைக்கு முன்னே நின்று எழுதிக்கொண்டிருக்கையில் எமது வலக்கையிலிருந்த வெண்கட்டி நழுவி வீழ்ந்தது. குனிந்து எடுத்தோம், மீண்டும் வீழ்ந்தது. பின்வரிசைப் பையன்கள் சிரித்தனர். நாமும் சிரித்துவைத்தோம். எனினும், விரல் நுனிகளில் உணர்ச்சியே இல்லை என்பது அக்கணத்திலேதான் எமக்குப் புலனாயிற்று. எழுதவும் எழுதுவிக்கவுமே அறிந்த ஒருவனுக்கு விரல்கள் போனால் எஞ்சுவது யாது?

இது நிகழ்ந்தது 2018ஆம் ஆண்டில். சாவகச்சேரியிலிருந்து ஆனையிறவைக் கடந்து பரந்தனுக்கு அண்மையிலுள்ள பாடசாலைக்கு அந்நாட்களில் மோட்டார் சைக்கிளிற் சென்று வந்தோம். போவதற்கு ஏறத்தாழ 40 கிலோமீற்றர், வருவதற்கும் அவ்வளவே. எம்மைச் சோதித்த வைத்தியர் முதலிற் கேட்டது உணவைப் பற்றியன்று, உறக்கத்தைப் பற்றியுமன்று. "என்ன வாகனத்திலே வாறியள்?" என்றார்.

அவ்வாகனத்தை முந்திய ஆண்டிலேதான் லீசிங் முறையில் வாங்கியிருந்தோம். விற்பனைக் கூடத்தில் அதன்மேல் இரண்டு நிமிடங்கள் அமர்ந்து பார்த்தோம், நன்றாகவே இருந்தது. நின்ற வண்டியில் இரண்டு நிமிடம் அமர்வதற்கும், ஓடும் வண்டியில் ஒன்றேகால் மணிநேரம் அமர்வதற்கும் உள்ள வேற்றுமையை நாம் எண்ணினோமல்லோம். அதன் கைபிடி தாழ்ந்தது. கால்மிதிகள் பின்தள்ளி உயர்ந்தவை. ஆசனமோ பெற்றோல் தாங்கியை நோக்கிச் சரிந்தது. பந்தய வீரனின் தோற்றத்தை விற்கும் வண்டி அது. ஐம்பதை எட்டிய ஆசிரியனும் அதில் ஏறினாற் பந்தய வீரனைப் போலக் கூனியே இருத்தல் வேண்டும்.

பந்தய வீரன் முன்னே சாய்வதில் நியாயம் உண்டு. அவன் செல்லும் பெருவேகத்திற் காற்று அவன் மார்பை எதிர்த்துத் தள்ளி, மேலுடலின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்கிக்கொள்ளும். மணிக்கு 50 கிலோமீற்றரிற் செல்லும் எம்மைத் தாங்குவதற்குக் காற்றிடம் அத்தனை வலு இல்லை. எனவே மேலுடலின் பாரம் மணிக்கட்டுகளில் இறங்குகின்றது. உள்ளங்கையூடு செல்லும் நரம்புகள் நசுங்குகின்றன. ஒற்றைச் சிலிண்டர் இயந்திரத்தின் அதிர்வும் அதனோடு சேர்கின்றது. வெண்கட்டி வீழ்ந்ததன் காரணம் இதுவே.

இத்தனை காலமும் நாம் இதனைக் கேளாதிருந்தது ஏன்? 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், சிறு போத்தலிற் பேணிய சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயிற் புகை கக்கியவாறு ஓடியவர்கள் நாம். வண்டி ஓடுமா என்பதே அன்றைய கேள்வி. உடல் நோகுமா என்று கேட்பது ஆடம்பரமாகத் தோன்றிற்று. இல்லாமை எமக்குக் கற்பித்த பொறுமையை, இருக்கும் காலத்திலும் வணிகர்கள் தம் இலாபமாக்கிக் கொண்டனர்.

எமது கண்ணைத் திறந்தவர் ஒரு மீன் வியாபாரி. பின்னே பெரிய பெட்டியைக் கட்டிய பழைய ஹொண்டா எம்.டி. 90 வண்டியில் வருபவர். எமது கதையைக் கேட்டு அவர் சொன்னார்: "மாஸ்ரர், நான் விடியப்புறம் ஏறினால் மத்தியானந்தான் இறங்குவன். முதுகு நோகிற வண்டியிலே என்னாலே உழைக்க ஏலாது. நீங்கள் வடிவைப் பார்த்து வாங்கிப்போட்டியள்."

அவ்வண்டி யப்பானிய அஞ்சற்காரருக்கெனச் செய்யப்பட்டது. 1958இல் வெளிவந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்த மூல வண்டியை ஆக்குகையில், உணவுக்கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்தி மறு கையால் ஓட்டக்கூடியதாய் அது அமைய வேண்டும் என்று எண்ணினார்கள். ஆதலால் இடக்கைக் கிளச்சுப் பிடியே அதில் இல்லை. காலைத் தூக்கிச் சுழற்றாமல் ஏறலாம். முதுகை நிமிர்த்தி இருக்கலாம். 2017ஆம் ஆண்டளவில் 10 கோடிக்கு மேற்பட்டவை உற்பத்தியாயின. உழைப்பவன் உடலை முன்வைத்துச் சிந்தித்த பொறிக்கு உலகம் அளித்த சான்று அது.

கராச்சுக்காரத் தம்பி ஒருவர் எமக்கு விளக்கியது எளிய கணக்கு. கை பிடிக்குமிடம், இருக்குமிடம், கால் வைக்குமிடம் என்னும் மூன்று புள்ளிகளால் ஆன முக்கோணமே ஓட்டுபவனின் இருக்கை. பிடி தாழ்ந்தால் மணிக்கட்டு நோகும். மிதி பின்போனால் முழங்கால் நோகும். மிதி அளவுக்கு மிஞ்சி முன்னே போனாற் பாரம் முழுவதும் இடுப்பின் அடியில் இறங்கும். முழங்கை சற்றே மடங்கி, தோள் தளர்ந்து, முதுகு நிமிர்ந்திருப்பதே நெடுவழிக்கு ஏற்றது. அவர் எமது வண்டியின் கைபிடியை மாற்றி உயர்த்தினார். நோவு பாதி குறைந்தது. சரிந்த ஆசனத்தை என் செய்வது?

தவணைகள் முடிந்து வேறு வண்டி தேடப் புகுந்தபோது வழி அடைபட்டிருந்தது. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதால் பழைய வண்டிகளின் விலை வானளாவியது. 2022இல் எரிபொருளுக்குப் பங்கீடு வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு முதலில் வாரம் 4 லீற்றர். எமது வழிக்கு அதில் இருமடங்கு வேண்டும். மீதி நாட்களிற் பேருந்தில் நெரிபட்டோம்.

2025இல் இறக்குமதி மீண்டும் தொடங்கியதும் கூடங்கூடமாக ஏறி இறங்கினோம். "அரைமணி நேரம் ஓட்டிப் பார்க்கலாமா?" என்றோம், எங்கும் இல்லை என்றே விடை வந்தது. நண்பர் ஒருவரின் றோயல் என்பீல்ட் கிளாசிக் 350ஐ ஆனையிறவு வரை ஓட்டினோம். இருக்கை அரசாசனம்! ஆயின் அதன் எடை 195 கிலோ; எமது மணல் ஒழுங்கையில் அதனைத் திருப்பவே இருவர் வேண்டும். ஆசனத்தின் உயரமோ 805 மில்லிமீற்றர். எமது பாடசாலையிற் கற்பிக்கும் குள்ளமான ஆசிரியை ஒருவர் அதில் அமர்ந்தாற் கால் நிலத்தில் ஊன்றாது. ஓர் உடலுக்கு இதமானது மற்றோர் உடலுக்குத் தண்டனையாகலாம் என்பதை அன்று கற்றோம்.

ஈற்றில் நாம் வாங்கியது கைமாறி வந்த ஒரு பழைய எம்.டி. 90. பாடசாலையை அடைய முன்னையினும் பதினைந்து நிமிடம் கூடுதலாகின்றது. ஆனையிறவு வெளியிற் பக்கக் காற்று வீசினால் இன்னும் மெல்லச் செல்கின்றோம். ஆயினும் இறங்கியவுடன் கைகளை உதறவேண்டிய தேவை இல்லை.

விலையையும் வேகத்தையும் எரிபொருட் செலவையும் கேட்பதுபோல, "எட்டு மணி நேரம் உழைக்கப்போகும் என் உடலுக்கு இது என் செய்யும்?" என்று கேட்பதும் வாங்குபவனின் உரிமையே. அதனைச் சொகுசு என்று ஏளனஞ் செய்பவர், நோவோடு உழைப்பவனின் நோவுக்கு விலை கொடாதவர்.

அண்மையில் அந்த மீன் வியாபாரி எதிரே வந்து வண்டியை மெதுவாக்கி, "மாஸ்ரர், இப்ப கை எப்பிடி?" என்றார். வெண்கட்டித் தூள் படிந்த விரல்களை விரித்துக் காட்டினோம். பெட்டியை ஒருமுறை தட்டிச் சிரித்துவிட்டு அவர் தம் வழியே சென்றார்.