பாட்டனாரின் திமிரி

சென்ற தை மாதம் ஹடப்சரில் தமிழன்பர் ஒருவர் இல்லத் திருமணத்திற்குத் தஞ்சைப் பகுதியிலிருந்து நாகசுரக் கோஷ்டியினர் வந்திருந்தனர். ரயிலடியில் அவர்களை எதிர்கொண்டழைக்கும் பணி நமக்கு வாய்த்தது. ரயில்வே குமாஸ்தாவுக்குக் கல்யாண வீட்டார் வேறென்ன வேலை கொடுப்பார்கள்! ஆயினும் அன்று நமது உள்ளத்தில் ஒரு சுயநலமும் இருந்தது. நமது பரண்மீது தகரப் பெட்டியில் முப்பதாண்டுகளாக உறங்கிக் கிடந்த பாட்டனாரின் நாகசுரத்தை முகூர்த்த வேளையில் ஒரு கணமேனும் ஒலிக்கச் செய்ய வேண்டும் என்பதே அது.

வித்துவான் அதனை இரு கைகளாலும் வாங்கிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு மெல்ல, "ஐயா, இது திமிரி. எங்களிடம் இருப்பவை பாரி. இரண்டும் ஒரு பந்தலில் சேரமாட்டா" என்றார்.

நமது முகம் வாடியது கண்டு, பாயின்மேல் இரண்டையும் அருகருகே கிடத்திக் காட்டினார். பாரி ஏறக்குறைய இரண்டரை அடி நீளம். திமிரியோ அதன் பக்கத்தில் தந்தையின் அருகே படுத்த பிள்ளைபோல் இருந்தது. (வயதில் திமிரியே மூத்தது!) குழல் குறுகக் குறுக ஒலி உயருமாதலால், திமிரி நான்கு, ஐந்து கட்டைச் சுருதியில் ஒலிக்கும்; பாரி இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்கும். கோயில் வீதியில் சுவாமி புறப்பாட்டின்போது நெடுந்தூரம் கேட்பதற்குத் திமிரியின் கூரிய குரல் ஏற்றது. சபையில் அமர்ந்து கேட்போருக்குப் பாரியின் கம்பீரமே இனிது. உலவு, அணசு, கெண்டை, சீவாளி என்னும் உறுப்புக்களில் பேதமில்லை. விரல் வைக்கும் துளைகளும் இரண்டிலும் ஏழே. எனினும் பாரியில் அத்துளைகள் ஒன்றுக்கொன்று எட்ட அமைந்துள்ளன.

நீளம் மட்டுமே வேற்றுமை என்று எண்ணியிருந்தோம். வித்துவான் அதனை மறுத்தார். பழைய கருவியில் சுத்த மத்திமம் தன் இடத்தில் நில்லாது, பிரதி மத்திமத்தை நோக்கிச் சற்று ஏறிவிடுமாம். வாசிப்பவரே உதட்டாலும் மூச்சாலும் அதை இறக்கிப் பிடிக்க வேண்டும். இக்குறையைத் தீர்த்து, திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை அவர்களுக்காக 1955இல் புதிய பாரியைச் செய்தளித்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியார். கும்பகோணத்திலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் சென்ற அன்பர்கள் அவ்வூரின் பெயர்ப் பலகையைக் கண்டிருப்பார்கள். பழைய வீடுகளின் ஆச்சா மரத் தூண்களையும் உத்திரங்களையும் வாங்கி, நாட்பட்டு உலர்ந்த அம்மரத்தைக் கடைந்தே அங்கு நாகசுரம் செய்கின்றனர். 2022இல் அவ்வூர் நாகசுரத்திற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இவ்வளவும் கேட்டபின்னும் நமது மனம் முற்றும் ஆறவில்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறோம். பிள்ளையவர்கள் 1956இல் மறைந்தார்கள். பாரி மறையவில்லை, எங்கும் பரவிற்று. நமது பாட்டனாருக்குப் புதுக் கருவி வாங்கும் வசதியில்லை. கச்சேரிக்கு அழைப்போர் குறைந்தனர். கோயில் புறப்பாடு மட்டும் எஞ்சிற்று. கோயிற்படியில் குடும்பம் நடக்குமா? பாதிப் பாடத்தில் நாகசுரத்தை வைத்துவிட்டு, நமது தந்தையார் பூனாவுக்கு ரயிலேறி, ஹடப்சர் தொழிற்பேட்டையில் கடைசல் வேலையில் அமர்ந்தார். "நீண்ட குழல் வந்து நம் வீட்டைச் சுருக்கிவிட்டது" என்பார். அவ்வார்த்தையைக் கேட்டே வளர்ந்த நாம், பாரியை ஒரு பகையாளியைப்போலவே எண்ணியிருந்தோம்.

அன்றிரவு வித்துவான் பாரியில் சங்கராபரண ஆலாபனை செய்தார். மத்திமத்தில் வந்து நின்றார். அந்த ஸ்வரம் அசையாது நின்றது. நமது அருகில் அமர்ந்திருந்த தந்தையார் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்பா கடைசிவரை உதட்டால் போராடியது இந்த மத்திமத்துக்காகத்தானடா" என்றார். அதன்பின் நெடுநேரம் பேசவில்லை.

மறுநாள் காலை நமது ஒன்பது வயது மகன் பாரியை எடுத்துப் பார்த்தான். கீழ்த்துளைகள் விரலுக்கு எட்டவில்லை. திமிரியில் ஏழும் எட்டின. வித்துவான் சிரித்துக்கொண்டே கெண்டையை அளவெடுத்துச் சென்றார். மாசியில் இரண்டு சீவாளிகள் தபாலில் வந்து சேர்ந்தன.

இப்போது மாலைதோறும் நமது குடியிருப்பில் ஓசை கிளம்புகிறது. அதை இசை என்று சொல்ல இன்னும் துணிவில்லை. மேல்வீட்டு மராட்டிய அம்மையார் முதல்நாள் இறங்கி வந்தபோது அஞ்சினோம், அவரோ, "எங்கள் சனாயி போலிருக்கிறதே, யார் வீட்டில் கல்யாணம்?" என்று கேட்டுச் சென்றார். பையன் வளர்ந்தபின் பாரிக்கு மாற வேண்டும். விரல்களைப் புதிதாகப் பழக்க வேண்டும். அதற்குரிய பணமும் சேர்க்க வேண்டும். அவையெல்லாம் பிறகு. தற்சமயம் தந்தையார் நாற்காலியை அவனருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "உதட்டைத் தளர்த்தடா, மத்திமம் ஏறுகிறது" என்கிறார்.